இந்த மாதம் எங்கள் வகுப்பில்

சான் ரோக்கே, குயிமராஸ் தீவு
25 ஜூன் 1995

அன்புள்ள திருமதி தெல்மா அவர்களுக்கு,

உங்கள் மகள் ஜோனலினின் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஹெர்மினியா எழுதுவது. பயப்படாதீர்கள், குழந்தைக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் என்றாலே வெளிநாட்டில் இருக்கும் அம்மாக்கள் பயந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன்.

வகுப்பில் என்ன படிக்கிறோம் என்று மாதாமாதம் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவது என் வழக்கம். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் நின்று படித்துவிட்டுப் போவார்கள். போன வாரம் உங்கள் அக்கா லூர்தெஸ் வந்தார். "இதையெல்லாம் ஹாங்காங்குக்கு எழுத எனக்கு எங்க நேரம் டீச்சர்? படகுத்துறையில கடையைப் பார்ப்பேனா, இதைப் பார்ப்பேனா? தெல்மா வேற நச்சரிச்சுக்கிட்டே இருக்கா. நீங்களே ஒரு காப்பி போட்டு அனுப்பிடுங்க" என்று உங்கள் விலாசத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். ஆக, இது உங்கள் கதவில் ஒட்டும் தாள்.

இந்த மாதம் செடியின் பாகங்கள் படித்தோம். காலி பால் டின்னில் ஈரப் பஞ்சு வைத்து, அதில் பாசிப்பயறு போட்டு முளைக்க வைத்தோம். தோதோங் என்றொரு பயல் தன் பயறை மறுநாளே தின்றுவிட்டான். ஜோனலினுடையது நன்றாக முளைத்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் ஜன்னலில் வைத்திருக்கிறாள். உங்கள் அக்கா அதைக் கிள்ளி மீன் குழம்பில் போட்டுவிட்டாராம். "டீச்சர், என் செடி இலை வரைக்கும்தான் படிச்சுச்சு. பூ படிக்கறதுக்குள்ள செத்துப்போச்சு" என்று வந்து நின்றாள். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் போய்விடுவார்கள். உங்கள் அக்கா கடையைக் கட்டும் வரை ஜோனலின் என்னோடுதான் இருக்கிறாள். பள்ளிக்குப் பின்னால்தான் என் அறை. நானும் ஒண்டிக்கட்டை. இரண்டு பேரும் வாழைக்காய் அவித்துத் தின்றுகொண்டு நோட்டுத் திருத்துகிறோம். அதாவது நான் திருத்துகிறேன், அவள் மேற்பார்வை பார்க்கிறாள்.

இப்படிக்கு,
ஹெர்மினியா காலான்ஸா


ஹாங்காங்
16 ஜூலை 1995

மதிப்பிற்குரிய டீச்சர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் பயப்படாதீர்கள் என்று எழுதியிருந்தும் அந்த வரியை எட்டும்வரை எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அப்புறம் பயறு கதை படித்துச் சிரித்த சிரிப்பில் முதலாளியம்மா எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றாள். "என் மகள் செடி வளர்த்தாள், என் அக்கா தின்றுவிட்டாள்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கெல்லாம் சிரிக்க நம் ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

டீச்சர், என் அக்கா எழுதும் கடிதத்தில், "எல்லாரும் சுகம், அரிசி விலை ஏறிப்போச்சு" என்று இரண்டு வரிதான் இருக்கும். ஜோனலினின் அப்பா பகோலோத் நகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார். அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. நான் கிளம்பும்போது என் பிள்ளைக்கு ஐந்து வயது. இப்போது அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு அழுவாள் என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உங்கள் தாளைப் படிக்கும்போதுதான் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

இந்த வீட்டுப் பையன் கா-மிங்கும் இரண்டாம் வகுப்புதான். அவனுக்குச் சீருடை தேய்ப்பதும், சாப்பாடு கட்டுவதும், பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் நான்தான். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் கையாட்டிக்கொண்டு நிற்பேன். யாருக்கு ஆட்டுகிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

ஒரு உதவி. அவளுக்கு ஷூ வாங்கவேண்டும். அக்காவிடம் அளவு கேட்டால், "சின்னக் காலுதான்" என்று எழுதுகிறாள். இதை வைத்து எந்தக் கடையில் போய் நிற்பேன்?

உங்கள்,
தெல்மா


சான் ரோக்கே
10 செப்டம்பர் 1995

அன்புள்ள தெல்மா,

இந்த மாதம் எங்கள் வகுப்பில் கடிகாரம் பார்ப்பதும் அளவு எடுப்பதும். உங்கள் ஷூவுக்காகவே அளவுப் பாடத்தை இரண்டு வாரம் முன்னால் இழுத்துவிட்டேன். தலைமையாசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் பழைய செய்தித்தாளில் கால் வைத்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டினார்கள். வகுப்பு முழுக்கப் பாதங்கள். ஜோனலினின் வலது காலை இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டை விரல் பக்கம் கோணலாக இருப்பது அவள் கூச்சத்தில் நெளிந்ததால். கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

கடிகாரப் பாடத்தில்தான் என்னை மடக்கிவிட்டாள். காகிதத் தட்டில் முள் குத்திக் கடிகாரம் செய்துகொண்டிருந்தோம்.

"டீச்சர், இப்போ ஹாங்காங்ல என்ன மணி?"

"இங்க என்ன மணியோ அதேதான்."

"பத்தரையா?"

"பத்தரைதான்."

"அங்க இருட்டா இல்லையா?"

"இல்லடி. இங்க மாதிரியே வெயில்தான்."

கொஞ்ச நேரம் முள்ளைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்போ பக்கத்துலதானே இருக்காங்க? ஏன் வர மாட்டேங்கறாங்க?" என்றாள்.

தோதோங் குறுக்கே பாய்ந்தான். "எங்கப்பா இருக்கிற சவுதியில இப்ப விடிகாலைதான். அதான் அவரு வர முடியல. உங்கம்மாவுக்கு என்னவாம்?"

அவனைத் தலையில் தட்டி உட்கார வைத்தேன். இவளிடம் "முள்ளை நேரா வை" என்று மட்டும் சொன்னேன். இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். மறைத்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ஹெர்மினியா


ஹாங்காங்
8 அக்டோபர் 1995

அன்பான டீச்சர்,

நல்லவேளை மறைக்கவில்லை. படித்ததிலிருந்து பத்தரை மணி ஆனால் கை தானாக நின்றுவிடுகிறது. என்ன பதில் சொல்வேன்? பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று சொன்னால் அது பொய். தூரத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் அதை என் வாயால் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு லீவு, நகரச் சதுக்கத்தில் நம் ஊர்க்காரிகள் எல்லோரும் தரையில் அட்டை விரித்து உட்கார்ந்திருப்போம். காகிதக் காலை எல்லோருக்கும் காட்டினேன். ஒருத்தி எடுத்து முத்தம் கொடுத்தாள், கேட்காமலே. எனக்குக் கோபம் வந்து பிடுங்கிக்கொண்டேன். பைத்தியம்தான் நான்.

ஷூ வாங்கிவிட்டேன். கறுப்பு, வெள்ளி நிறத்தில் பொத்தான். அதோடு சோப்பு, டின் இறைச்சி, துண்டு எல்லாம் பெட்டியில் அடைத்துக் கப்பலில் போட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்கிறான் கப்பல்காரன். உங்களுக்கும் ஒரு சட்டைத் துணி இருக்கிறது. மறுக்கக்கூடாது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவள் என்னைப் பற்றித் தானாகப் பேசுகிறாளா? நீங்கள் கேட்டு அல்ல. தானாக.

தெல்மா


சான் ரோக்கே
21 ஜனவரி 1996

அன்புள்ள தெல்மா,

பெட்டி இப்போதுதான் வந்தது. கப்பல்காரன் கிறிஸ்துமஸ் என்று சொன்னது எந்த வருஷத்துக் கிறிஸ்துமஸோ. துணிக்கு நன்றி. நிறம் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் தைக்கக் கொடுத்துவிட்டேன்.

ஷூ சின்னதாகிவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை, கடைக்காரர் மேலும் தப்பில்லை. பெட்டி வந்து சேர்வதற்குள் கால் வளர்ந்துவிட்டது. பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "சரியாத்தான் இருக்கு, சரியாத்தான் இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறாள். பின்பக்கத்தை மடித்து மிதித்துக்கொள்கிறாள். தோதோங்குக்கு அவன் அப்பா அனுப்பியதும் இதே கதைதான். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் ஷூவை மடித்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். தானாக அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்த ஷூவை யாரையும் தொட விடுவதில்லை.

இந்த மாதம் ஆறாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்துவிட்டோம். நல்ல சேதி இனிமேல்தான். ஜோனலின் வகுப்பில் மூன்றாம் இடம். மார்ச் கடைசியில் பரிசளிப்பு. உங்களுக்குத் தெரியாததா, மேடையில் பிள்ளையின் சட்டையில் பரிசு ரிப்பன் குத்துவது டீச்சர் வேலை இல்லை, பெற்றவர்கள் வேலை. உங்களால் வர முடியுமா? முதலாளியம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நான் வேண்டுமானால் பள்ளிக்கூடத் தாளில் முத்திரை போட்டு எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஹெர்மினியா


ஹாங்காங்
18 பிப்ரவரி 1996

டீச்சர்,

கேட்டேன். அதே வாரம் கா-மிங்குக்குப் பரீட்சை. "ஜூனில் உன் ஒப்பந்தம் முடிகிறது, அப்போது போய்விட்டு வாயேன். ஒரு ரிப்பனுக்காகவா?" என்றாள். கெட்டவள் இல்லை. அவளுக்கு அது ரிப்பன்தான்.

அக்கா மேடை ஏற மாட்டாள். கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கிவிடுவாள். நீங்களே குத்திவிடுங்கள். வேறு யாரும் வேண்டாம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். என்னுடையதாக ஏதாவது ஒன்று அந்த மேடையில் இருக்கட்டும்.

தெல்மா


சான் ரோக்கே
31 மார்ச் 1996

அன்புள்ள தெல்மா,

பரிசளிப்பு முடிந்தது. ஒன்று விடாமல் சொல்கிறேன்.

ஒலிபெருக்கியில் படித்தவர் வேறொரு வகுப்பு சார். பட்டியலில் எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் 'தாயாருடன்' என்று அச்சடித்திருந்ததை அப்படியே படித்துவிட்டார். "மூன்றாம் இடம், ஜோனலின் கனாஸ், தாயாருடன் மேடைக்கு வருகிறாள்!" அவள் பக்கத்தில் நிற்பது நான். கூட்டத்தில் சிரிப்பு. "அட, ஹெர்மினியா டீச்சருக்கு எப்பங்க கல்யாணம் ஆச்சு?" என்று யாரோ கத்தினார்கள். திருத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஜோனலின் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, வாங்க, கூப்பிட்டுட்டாங்க." மடித்த ஷூவோடு தட்டுத்தட்டென்று நடந்தாள். ரிப்பனைக் குத்தினேன். படம் எடுத்தார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதற்காக என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். என் தம்பிகள் இரண்டு பேரும் இலோயிலோவில் கப்பல் படிப்பில் சேர்ந்திருக்கிறார்கள். அப்பா இல்லை. டீச்சர் சம்பளத்தில் ஒருவன் படிக்கலாம். யாரை நிறுத்துவது? போன வருஷம் எங்கள் பள்ளியிலிருந்தே இரண்டு டீச்சர்கள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் ஏஜென்டிடம் பெயர் கொடுத்துவிட்டேன். டீச்சர் என்று சொல்லிக்கொள்ளாதே, பாத்திரம் தேய்க்க யோசிப்பாய் என்று நினைத்துவிடுவார்கள் என்கிறான்.

உங்களுக்குத் தெரிந்து ஹாங்காங்கில் நல்ல வீடு ஏதாவது இருக்குமா? முன்பின் தெரியாத வீட்டில் போய் நிற்கப் பயமாக இருக்கிறது.

ஹெர்மினியா


ஹாங்காங்
14 ஏப்ரல் 1996

டீச்சர்,

திட்டத்தான் போகிறேன்.

உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? எத்தனை பேர் படித்தும் கிடைக்காத உத்தியோகத்தை விட்டுவிட்டு அடுத்தவள் வீட்டுக் கக்கூஸ் கழுவ வரப்போகிறீர்களா? தம்பிகள் கப்பலேறிப் போய்விடுவார்கள். என் பிள்ளை என்ன செய்வாள்? நாலு மணிக்கு எங்கே போவாள்? நான் போனபோது அவளுக்கு விவரம் தெரியாது. இப்போது தெரியும்.

அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன். என் பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான்தான் ஏறச் சொன்னேன். நான்தான் சட்டை கொடுத்தேன். ஆனாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கூப்பிட்டுட்டாங்க, வாங்க என்றாளா? தாயாருடன் என்றதற்கா? அங்கே என் இடத்தில் நின்றது போதாதென்று இங்கேயும் என் இடத்துக்கே வருகிறீர்களா?

*17 ஏப்ரல்*

மேலே எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன். கிழிக்கவில்லை. கோபம் நிஜம்தான், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்று முதலாளியம்மா தாளை நீட்டினாள். நான் போடவில்லை. நாம் இரண்டு பேரும் இங்கே இருக்க முடியாது, டீச்சர். ஒருத்தியாவது அங்கே இருக்கவேண்டும். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்ததில் அக்கா கடைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை போட முடியும். எனக்குப் பதில் ஒரு ஆள் இருக்கிறாள், இங்கிலீஷ் நன்றாக வரும், டீச்சர் என்றேன். முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். பாடமும் சொல்லிக்கொடுப்பாள், பாத்திரமும் கழுவுவாள் என்றால் கசக்குமா? உங்களுக்கு இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அடிக்க மாட்டாள், பட்டினி போட மாட்டாள். அது மட்டும் உறுதி.

வருகிறதானால் வாருங்கள். நான் கிளம்புகிறேன்.

தெல்மா


ஹாங்காங்
18 ஆகஸ்ட் 1996

அன்புள்ள தெல்மா அக்கா,

இனி அக்கா என்றே எழுதுகிறேன். நீங்கள் படுத்த கட்டிலில்தான் படுக்கிறேன். கால் நீட்டினால் துணி துவைக்கும் எந்திரம் இடிக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

கா-மிங் முதல் வாரம் முழுக்க உங்களைக் கேட்டு அழுதான். இப்போது என்னிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். மீனை ஆவியில் வேகவைக்கத் தெரியவில்லை என்று முதலாளியம்மாவுக்குக் குறை. கற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் உங்கள் தோழிகள் இடம் கொடுத்தார்கள். எங்கள் அட்டையில் மட்டும் நாங்கள் நாலு பேர் டீச்சர்கள். பள்ளிக்கூடமே ஆரம்பிக்கலாம் என்று சிரித்தோம். அப்புறம் அட்டையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

தனியாக இருந்து பழகியவள்தான் நான். ஆனால் இப்படி இல்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன பாடம் என்று யோசிக்கிறேன். அப்புறம்தான் நினைவு வருகிறது.

மூன்றாம் வகுப்பில் என்ன நடத்துகிறார்கள்? ஜோனலின் எப்படி இருக்கிறாள்? கதவில் ஒட்டும் தாள் ஒன்று எனக்கு அனுப்புங்கள், அக்கா.

ஹெர்மினியா


சான் ரோக்கே
20 அக்டோபர் 1996

அன்பான டீச்சர்,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எழுத ஒன்றுமில்லாமல் இல்லை. எழுதினால் அழுகையாகத்தான் வரும் என்று தள்ளிப்போட்டேன்.

பெற்ற பிள்ளையிடம் விருந்தாளியாக இருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா? வந்த அன்றைக்கு என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்து மரியாதை செய்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. "தண்ணி எடுத்துக்கலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்கிறாள், அவள் வீட்டுத் தண்ணீருக்கு. ராத்திரி அக்கா பக்கத்தில்தான் படுத்தாள். ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டே, "உங்க லீவு எப்ப முடியுது?" என்றாள். "லீவு இல்லடி, வந்துட்டேன்" என்றேன். "சரி" என்றாள். நம்பவில்லை. தோதோங்கின் அப்பாவும் இப்படித்தான் சொல்லிவிட்டு மறுபடி போனாராம்.

உங்களைப் பற்றித்தான் பேச்செல்லாம். டீச்சர் எங்கே தூங்குறாங்க, ஜன்னல் இருக்கா, அந்தப் பையன் டீச்சர் பேச்சைக் கேக்கறானா? நீங்கள் தூங்கும் இடத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி. அதே இடத்தில் நான் தூங்கினேனே, அதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. உங்கள் மேல் கோபமாக வந்தது. ஒரு கடலே தாண்டியிருந்தும் என் சோற்றில் மண் போடுகிறீர்களே என்றுகூட நினைத்தேன். மன்னித்துவிடுங்கள்.

புது டீச்சர் கதவில் தாள் ஒட்டுவதில்லை. கேட்டால், "எங்கங்க நேரம்?" என்கிறார். அதனால் மதியம் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். கேட்டதை எழுதுகிறேன். வகுத்தல் தொடங்கிவிட்டார்கள். தோதோங்குக்கு மீதி வந்தால் அதை அழித்துவிடுகிறான், "ஏன் மிச்சம் வைக்கணும்?" என்கிறான். மழை எப்படி வருகிறது என்று படித்தார்கள். படிக்கும்போதே மழை வந்து கூரை ஒழுகி, எல்லோரும் டின் ஏந்தினார்கள்.

போன வாரம் கடிதம் எழுதுவது எப்படி என்று பாடம். தேதி எங்கே, விலாசம் எங்கே, எல்லாம். தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு நிஜமாகவே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இந்த வகுப்பில் அதற்கா பஞ்சம்? சவுதி, குவைத், சிங்கப்பூர், கப்பல் என்று ஆளாளுக்குக் குனிந்து எழுதினார்கள். நான் ஜன்னலில் நிற்கிறேன். டீச்சர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜோனலின் தாளைப் பார்த்து நின்றார்.

"ஹெர்மினியா டீச்சருக்கா? அம்மாவுக்கு எழுதலையாடி?"

போய்விடலாமா என்று திரும்பினேன். அவள் தலை நிமிராமலே சொன்னாள், எழுதிக்கொண்டே, எரிச்சலாக.

"எங்கம்மா வீட்லதான இருக்காங்க. அவங்களுக்கு எதுக்கு லெட்டரு?"

அவ்வளவுதான், டீச்சர். வேறொன்றும் சொல்லவில்லை. சோற்று டப்பாவைச் சுவரோரம் வைத்துவிட்டுப் படகுத்துறை வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அக்கா பதறிப்போய், "எவன் செத்தான்?" என்றாள்.

அவள் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மடித்தது மடித்தபடி. நான் படிக்கவில்லை. அது உங்களுடையது. இதைக் கையில் வாங்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது தெரிவதால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. இனி என் பிள்ளை எனக்கு ஒரு வரி எழுத மாட்டாள். எழுதுவதெல்லாம் உங்களுக்குத்தான் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜோனலினின் அம்மா